ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்காகாரங்க கையில அவ்ளோ காசு எப்படி?

கேள்வி:
1945க்கு அப்புறம் வீடு, கார், ஃப்ரிட்ஜ், டிவினு வாங்கித் தள்ளிருக்காங்களே, திடீர்னு எங்கருந்து பணம் வந்துச்சு?

பதில் 1:
திடீர்னு இல்ல ப்ரோ. போர் டைம்ல சம்பளம் வந்துச்சு, ஆனா வாங்க பொருள் இல்ல, 1942லயே சிவிலியன் கார் தயாரிப்ப நிறுத்திட்டாங்க, டயர், சர்க்கரை, பெட்ரோல் எல்லாம் ரேஷன், அதனால காசு பூரா வார் பாண்ட்லயும் (போர்ச் செலவுக்கு அரசாங்கம் வித்த கடன் பத்திரம்) பேங்க்லயும் சேர்ந்துருச்சு.

பதில் 2:
கூடவே 1944ல வந்த ஜி.ஐ. பில்னு ஒரு சட்டம். திரும்பி வந்த சோல்ஜர்ஸ்க்கு காலேஜ் செலவு, வீட்டுக் கடனுக்கு அரசாங்க கேரண்டி. நியூயார்க் பக்கம் புதுசா கட்டுன லெவிட்டவுன்ங்கற புறநகர்ல 1949ல வீடு 7,990 டாலர், கிச்சன்ல ஃப்ரிட்ஜ், ஸ்டவ் எல்லாம் ரெடியா இருக்கும்!

பதில் 3:
அந்த லெவிட்டவுன்ல கறுப்பினத்தவங்களுக்கு வீடே விக்கல, போருக்குப் போய்ட்டு வந்தவங்களா இருந்தாலும் சரி. அதையும் சேத்து சொல்லுங்க.

பதில் 2:
கரெக்ட். கடன் கொடுக்கறதுலயும் அதே கதைதான்.