கப்பிக் குஞ்சுகளை வடிகட்டி இழுக்காமல் காப்பது எப்படி?

கேள்வி (உவர்மலை): வணக்கம். எமது 60 லீற்றர் தொட்டியில் கப்பி மீன் நேற்றிரவு ஈன்ற குஞ்சுகளுள் சில, தொங்கு வடிகட்டியின் உறிஞ்சு குழாய்க்குள் இழுபட்டு இறந்துவிட்டன. வடிகட்டியைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிடலாமா?

மறுமொழி (நிலாவெளி): நிறுத்த வேண்டாம், ஐயா. நீரோட்டம் நின்றால், கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி மடியத் தொடங்கும். பிறகு பெரிய மீன்களுக்கும் ஆபத்துத்தான். குழாயின் வாயில் நுண்துளைப் பஞ்சொன்றைச் செருகி, அது அடைபடும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது.

மறுமொழி (கிண்ணியா): காற்றுப் பம்பியில் இயங்கும் பஞ்சு வடிகட்டியே குஞ்சுகளுக்கு உகந்தது என்பேன், பஞ்சில் படியும் நுண்ணுயிர்களை அவை கொத்தித் தின்பதையும் காணலாம். தாய்மீனும் குஞ்சுகளைத் தின்னும் என்பதால், நீர்ப்பாசியை அடர்த்தியாக இட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பஞ்சை இன்றே செருகிவிடுகிறேன்.