மின்கம்பத்தடியில் கிடைத்த லோத்தோங் குட்டி: வளர்க்கலாமா, ஒப்படைக்க வேண்டுமா?

கேள்வி: ஆயர் ஈத்தாம் வாசி

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கு கொடிமலையின் அடிவாரத்தில், ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறோம். வீட்டுப் பின்புறச் சந்தில் லோத்தோங் குரங்குக் கூட்டம் ஒன்று காலையும் மாலையும் மின்கம்பி வழியாகக் கடந்து போவது வழக்கம். நேற்று முன்தினம் மாலை பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது தாய்க்குரங்கு கம்பத்தடியில் இறந்து கிடந்தது. அதன் வயிற்று முடியை இறுகப் பற்றியபடி, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உயிரோடு இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது.

கணவரின் பழைய கைலியில் சுற்றி வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். கெட்டிப்பாலை வெந்நீரில் கரைத்தும், பிசாங் மாஸ் வாழைப்பழத்தை மசித்தும் ஊட்டினேன். முதல் நாள் ஆவலாகக் குடித்தது. இன்று காலையிலிருந்து வயிறு உப்பி, பேதியாகி, சோர்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் இருவரும் அதைவிட்டு நகர மறுக்கிறார்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். கொடுத்தால் கூண்டிலேயே கிடந்து செத்துப்போகும் என்கிறார் மாமியார். நாங்களே சில மாதங்கள் வளர்த்து மலையில் விட்டுவிடலாமா? இன்று மாலை கூட்டம் வரும்போது மரத்தில் ஏற்றிவிட்டால் அவை சேர்த்துக்கொள்ளுமா? ஒப்படைத்தால் அதன் கதி என்ன? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பட்டர்வொர்த், கால்நடை மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். மீதியைப் படிக்கும் முன் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையை, அதாவது பெர்ஹிலித்தானை, தொலைபேசியில் அழைத்துவிடுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நிலையில் கிடைத்தது, என்னென்ன ஊட்டினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். நாள் தள்ளிப்போவது உங்களுக்கும் நல்லதன்று, குட்டிக்கும் நல்லதன்று.

அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பால், பழம் இரண்டையும் உடனே நிறுத்துங்கள். லோத்தோங் இலை தின்னும் இனம். மாட்டுக்கு இருப்பதுபோல் அதன் வயிறும் அறைகளாகப் பிரிந்தது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தாம் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. அப்படிப்பட்ட வயிற்றில், அதுவும் பால்குடி மாறாத குட்டியின் வயிற்றில், சர்க்கரை மிகுந்த கெட்டிப்பாலும் கனிந்த பழமும் போனால் அமிலமும் வாயுவும் பெருகிவிடும். வயிறு உப்பியதற்கும் பேதிக்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். நீங்கள் அறியாமல் செய்தது. மனம் கலங்க வேண்டாம்.

குட்டியின் உடல் தொட்டால் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த உடலுக்குள் எதை ஊற்றினாலும் செரிக்காது என்பதால் சூடுதான் முதலில் வேண்டும், உணவு பிறகுதான். ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, துண்டில் சுற்றி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பற்றிக்கொள்ள அந்தக் கைலியைச் சுருட்டி உள்ளே வையுங்கள், ஏனென்றால் பிடிக்க எதுவும் இல்லாத குட்டி அச்சத்திலேயே தளர்ந்துவிடும். உடல் சூடேறி, கண் விழித்து, தானே விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலை வெதுவெதுப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். மனிதக் குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நீர் நுரையீரலுக்குள் போய்விடும். இப்படி மீட்டெடுக்கப்பட்டு, பிறகு ஊட்டிய முறையால் இறந்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று மிக முக்கியம். உள்ளங்கை, உள்ளங்கால், வால்நுனி ஆகியவற்றில் வெளுத்தோ கறுத்தோ சிறு புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தாயின் உடல் வழியாகப் பாய்ந்த மின்சாரம் குட்டியையும் தொட்டிருக்கலாம். மின்காயம் வெளியில் பயறளவு தெரியும். உள்ளே தசை அழுகுவதோ சில நாள் கழித்தே வெளிப்படும். ஆகவே மாலையில் மரத்தில் ஏற்றிவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இந்த இனத்தில் மற்றப் பெண் குரங்குகளும் குட்டியைத் தூக்கிச் சுமக்கும் என்பது உண்மைதான். காயமில்லாத குட்டியை, கூட்டம் கண்ணெதிரே இருக்கையில், சில மணி நேரத்துக்குள் அனுபவம் உள்ளவர்கள் சேர்த்துவைக்க முயல்வதும் உண்டு. ஆனால் நோயுற்ற பால்குடிக் குட்டியைக் கிளையில் வைத்துவிட்டுத் திரும்புவது அதைக் கைவிடுவதே ஆகும்.

பிள்ளைகளை விலக்கிவையுங்கள். நம் சளியும் காய்ச்சலும் அதற்குத் தொற்றும். அதன் கிருமிகள் நமக்கும் தொற்றும். யாருக்காவது கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2015இல் பினாங்கில் நாய்களிடையே வெறிநோய் பரவியது நினைவிருக்கும். பாலூட்டியின் கடி எதையும் அலட்சியம் செய்யலாகாது.

ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பிழைக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. பிழைத்தால், முதலில் தனிமையில் வைத்து நோய் பார்ப்பார்கள். பிறகு பாலிலிருந்து இளந்தளிருக்கு மாற்றி, தன் இனத்தோடு சேர்த்து, உயரமான கிளைகளில் ஏறப் பழக்குவார்கள். பேராக் மாநிலத்தின் சுங்காய் (Sungkai) என்ற ஊரில் அத்துறையின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. பிறந்தபோது செம்மஞ்சளாக இருக்கும் முடி ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும், ஆனால் காட்டுக்குத் திரும்பத் தகுதி பெற அதைவிட நெடுங்காலம் தேவை. எந்த இலையைத் தின்பது, எதற்கு அஞ்சுவது, யாருக்கு வழிவிடுவது என்பதை இன்னொரு லோத்தோங்கால் மட்டுமே கற்றுக்கொடுக்க முடியும்.

பதில்: சுங்கை பட்டாணி, முன்னாள் தோட்டத்துக்காரர்

வணக்கம் தங்கச்சி. நாங்களே வளர்த்து மலையில் விடலாமா என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, பால்மர (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் என் தந்தை ஒரு குட்டிக் குரங்கைக் கொண்டுவந்து வளர்த்தார். அது என் தோளிலேயே உறங்கும், நாங்கள் தின்பதையெல்லாம் தின்னும். நான்காம் ஆண்டில் என் தமக்கையின் முன்கையைக் கிழித்துவிட்டது. அதன்பின் இடுப்பில் சங்கிலி போட்டு ரம்புத்தான் மரத்தில் கட்டினோம். சங்கிலி உரசிய இடத்தில் முடி கொட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பான தோல் வளையம் ஒன்று தெரிந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் மனம் பொறுக்காமல் காட்டோரம் கொண்டுபோய் விட்டோம். அது காட்டுக்குள் போகவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து, வருகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் எங்கள் வண்டி என்று எண்ணி ஓடிவந்ததாம். ஒரு வாரத்துக்குள் லாரியில் அடிபட்டது. உங்கள் மாமியார் கூண்டுக்கு அஞ்சுகிறார். நாங்கள் அதற்குக் கொடுத்த பதினைந்து அடிச் சுதந்திரத்தைவிட நல்ல கூண்டு மேலானது என்று அவரிடம் சொல்லுங்கள்.

பதில்: தெலுக் பகாங் வாசி

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் கூட்டம் அதே கம்பியில்தான் நாளையும் வரும். எங்கள் பகுதியில் சாலையைக் கடக்கும் லோத்தோங்குகள் அடிபட்டு வந்ததால், 2019இல் லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு என்ற குரங்குப் பாதுகாப்புக் குழுவினர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குப் பாலம் கட்டினார்கள். உங்கள் சந்தில் மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, கூட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துவையுங்கள். கம்பிக்கு உறை போடக் கேட்பதானாலும் பாலம் கேட்பதானாலும் அந்தக் குறிப்பு உதவும். இந்த இனம் உலக அளவில் அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. இதை மனுவில் எழுத மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அன்று நண்பகலே அழைத்துவிட்டேன். டாக்டர் சொன்னபடி பார்த்தபோது இடது உள்ளங்காலில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. இரண்டு நாளும் அந்தக் காலைப் பிடித்துத்தான் பிள்ளைகள் கொஞ்சியிருக்கிறார்கள். பெட்டிக்குள் சூடு வைத்த அரை மணி நேரத்தில் கண் திறந்தது. அதிகாரிகள் இருவர் வந்து எடுத்துச் சென்றார்கள். கைலியோடு கொண்டுபோகட்டுமா என்று நானே கேட்டேன், சரி என்றார்கள். இன்னும் ஆபத்தான கட்டத்தில்தான் இருக்கிறது என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். பெரியவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தோட்டத்து அண்ணன் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் கேட்டான்.

கூட்டம் இன்று மாலையும் வந்தது, அதே கம்பத்தின் வழியாகவே வந்தது. பதினொன்று இருந்தன. கம்பத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். சந்தில் உள்ள வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்க நாளை மாலை மகனோடு கிளம்புகிறேன். மனுவை மலாயில் எழுதித் தரக்கூடியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.