புதுப்பிப்பு: மாலை நேரக் குழந்தைகள் மன்றம், ஒரு மாதம் கழித்து

பள்ளி விட்டதும் மகள் போகும் குழந்தைகள் மன்றத்தில் விளையாட்டே இல்லை, வீட்டுப்பாடம் முடிந்ததும் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இடத்தை மாற்றலாமா என்றும் கேட்டிருந்தேன். மாற்றவில்லை. பலரும் சொன்னபடி முதலில் போய்ப் பேசினேன்.

பொறுப்பாளர் சண்டைக்கு வரவில்லை, அதுவே ஆச்சரியம். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே பேர். ஆறு வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே அறையில். டிவி போட்டால்தான் யாருக்கும் அடிபடாமல் இருக்கிறது என்றார். காரணம் புரிந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நல்ல உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் காட்டினேன்.

இப்போது வந்ததும் முக்கால் மணி நேரம் வெளியே ஓட்டம்தான். வயதுப்படி இரண்டு குழு, கூடுதலாக ஓர் உதவியாளர். அப்புறம், பெரிய அட்டைப்பெட்டி, கயிறு, பழைய துணி. இவ்வளவுதான் செலவு! நேற்று அந்தப் பெட்டி கப்பலாகியிருந்தது, மகள்தான் கேப்டன். கூட்டிப் போக வந்த என்னைப் பத்து நிமிடம் கரையிலேயே நிற்க வைத்தாள்.

குறை இல்லாமல் இல்லை. மழை வந்தால் மறுபடியும் டிவிதான். இரண்டு நாளாக ஒரு சின்னப் பெண் யாரோடும் சேராமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதவியாளர் கவனித்த மாதிரி தெரியவில்லை. சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.