கார்த்திகை மோடமும் கழனியும்

ஆரணி பக்கம்:

மோடம் போட்டு நாலைந்து நாள் சன்னமாகத் தூறினால், வெயில் இல்லை, நெற்பயிருக்கு நல்லது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பெருமழையைவிட இதுதான் கெடுதல். வங்கக்கடலில் தாழ்வு நிலை நின்றுவிட்டால், வெயிலுக்குப் பேர்போன வேலூரிலேயே பகல் 25 டிகிரியில் அடங்கிவிடும். ராத்திரி 20, 21. இலையில் புள்ளி போட்டுக் கதிரைப் பதராக்கும் குலை நோய்ப் பூசணத்துக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. ராத்திரி முழுக்க இலையில் ஈரம் நின்றால் போதும், பூசண வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும்.

காலை 10 மணிக்குப் பயிருக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். முழங்கை வரை நனைந்தால் அன்றே இலை இலையாகப் பார்க்க வேண்டியதுதான். முதலில் ஊசிமுனைப் புள்ளி. சில நாளில் அதுவே கண் வடிவத்தில் நீண்டு, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக நிற்கும். பிபிடி 5204 நெல் போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், அந்த ரகம் இந்த நோயைத் தாங்காது.

இந்த நாட்களில் யூரியா போடவே கூடாது. வெயில் இல்லாதபோது பயிர் எடுத்த தழைச்சத்தைச் செலவழிக்க முடியாமல் இலையிலேயே தேக்கி வைக்கும். இலை கரும்பச்சையாக, மெத்தென்று ஆகிவிடும். பூசணம் சுலபமாகத் துளைக்கும். மேலுரத் தவணை வந்திருந்தாலும், வானம் வெளுத்து இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு போடுங்கள். ஏக்கருக்கு அரை மூட்டைக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், கூடவே 8 முதல் 10 கிலோ பொட்டாஷ் சேருங்கள். புள்ளி கண்டதும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 5 கிராம், அதாவது 200 லிட்டருக்கு 1 கிலோ, தூறல் விட்ட சாயங்காலமாகத் தெளியுங்கள். தாமிர மருந்து கலக்கிய டேங்கைக் கழுவாமல் இதை ஊற்றினால் நுண்ணுயிர் செத்துவிடும், அடித்தும் பயனில்லை. கதிர் வரும் சமயத்தில் மோடம் பிடித்தால் புள்ளிக்காகக் காத்திருக்காதீர்கள். கதிரின் கழுத்து கறுத்த பிறகு எதை அடித்தாலும் அந்தக் கதிர் பதர்தான்.

காவேரிப்பாக்கம் பக்கம்:

ஆரணி அண்ணன் சொன்னதோடு ஒன்று. இலை காய்ந்ததெல்லாம் குலை நோய் இல்லை. நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாக வைக்கோல் நிறத்தில் இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். சந்தேகமாக இருந்தால் காய்ந்த இடமும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி வெட்டுவாய் முங்க நிறுத்துங்கள். சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி கசிந்தால் பாக்டீரியாதான்.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், தண்ணீர் விஷயத்தில் இரண்டும் நேரெதிர். குலை நோய் கண்ட கழனியைக் காய விட்டால் நோய் ஏறும். இலைக்கருகல் கண்ட கழனியில் தண்ணீரை வடிக்கணும், அதுவும் பக்கத்துக் கழனி வழியாக இல்லாமல் நேராக வாய்க்காலுக்கு. ஏரிப் பாசனத்தில் ஒரு மடைத் தண்ணீர் பத்துக் கழனி தாண்டிப் போகிறது, நோயும் கூடவே போகும். இலைக்கருகலுக்கு 40 கிலோ பசுஞ்சாணத்தை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கோணிச் சாக்கில் இரண்டு தடவை வடிகட்டி, இன்னும் 100 லிட்டர் சேர்த்து அடியுங்கள். ஒரு தடவை வடித்தால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

அணைக்கட்டு பக்கம்:

இலவம்பாடி முள்ளுக் கத்தரி வைத்திருப்பவர்கள் பாத்தியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். நாற்றங்கால் மேட்டுப்பாத்தியாக அரையடி உயரம் இருக்கட்டும். நாற்றின் தண்டு தரையோடு மடிந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள்.

பள்ளிகொண்டா பக்கம்:

இங்கே தூறல்தானே என்று ஏரிக்கரையை மறந்துவிடாதீர்கள். பாலாற்று வெள்ளத்துக்கு ஆந்திர எல்லை மலைகளில் பெய்தாலே போதும். 2021 நவம்பரில் எவ்வளவு வந்தது என்று எல்லோரும் பார்த்தோம். கரையின் வெளிப்பக்கம் கசிவதைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. துவாரத்தை அடைக்கப் போகாமல் சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்குங்கள். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

குடியாத்தம் பக்கம்:

செம்மறி வைத்திருப்பவர்களுக்கு இது நீலநாக்கு நோய்க் காலம். பரப்புவது சேற்றிலும் சாணத்திலும் பெருகும் பொடிக் கொசு, அதனால் சாயங்காலம் பட்டியில் வேப்பந்தழைப் புகை அவசியம். காய்ச்சல், உதடு வீக்கம், மூக்கில் சளி காய்ந்து பொருக்கு, குளம்புக்கு மேலே சிவந்து நொண்டல், இவை கண்டால் ஆட்டைப் பிரித்துக் கட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்கணும். வாய்ப்புண்ணால் மேய முடியாது, கேழ்வரகுக் கூழை ஆற வைத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வலுக்கட்டாயமாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.