முறிந்தது இடுப்பு எலும்பு. பாதமும் சிறுநீரும் பாதிக்கப்பட்டது ஏன்?

கேள்வி: சேர்வராயன் மலைவாசி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா, மூங்கில் ஏணி சறுக்கி விழுந்ததில் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நொறுங்கி, சேலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். முழங்காலை நீட்டுகிறார், ஆனால் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த முடியவில்லை, சிறுநீர்ப்பை நிரம்புவதும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘தண்டுவடம் எல் 1 (இடுப்பின் முதல் முள்ளெலும்பு) மட்டத்தில் முடிகிறது’ என்றிருக்கிறது. அதற்குக் கீழே அறுந்துவிட்டது என்று பொருளா? அப்படியானால் முழங்கால் மட்டும் எப்படி அசைகிறது?

பதில்: உடற்கூறியல் ஆசிரியர்

அந்த வரியைக் கண்டு கலங்க வேண்டாம். உங்களுக்கும் எனக்கும்கூடத் தண்டுவடம் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. கருவின் மூன்றாம் மாதத்தில் முதுகெலும்புக் குழாயின் முழு நீளத்திற்கும் இருக்கும் தண்டுவடம், பிறகு எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடுவதால், பிறக்கும்போது அதன் நுனி மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலும், வளர்ந்தவர்களிடம் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் மட்டத்திலும் நின்றுவிடுகிறது. வளர்ந்தவரின் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளமே உடையது. ஆனால் அதிலிருந்து பிரியும் 31 இணை நரம்புகளும் தத்தம் எலும்புத் துளை வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், கீழ்ப்பகுதி நரம்பு வேர்கள் நீண்டு, குதிரைவால் எனப்படும் கற்றையாக, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில் மிதந்தபடி இறங்குகின்றன. முதுகில் ஊசி குத்தி அந்தத் திரவத்தை எடுக்கும் மருத்துவர்கள், தண்டுவடத்தில் பட்டுவிடாதபடி மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழேயே குத்துவதும் இதனால்தான்.

உங்கள் சித்தப்பாவின் நிலைக்கும் இதுவே விளக்கமாகலாம். முழங்காலை நீட்டும் நரம்புகள் தண்டுவடத்தின் இரண்டு முதல் நான்காம் இடுப்புக் கூறுகளில் (ஒவ்வோர் இணை நரம்பும் பிரியும் தண்டுவடப் பகுதி ஒரு கூறு) பிறக்கின்றன. அக்கூறுகள் முறிவுக்கு மேலே, மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்புகளின் மட்டத்தில் அமைந்திருக்கின்றன. பாதத்தை அழுத்தும் முதல் திரிகக் கூறும் (திரிகம் என்பது இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழுள்ள எலும்பு), சிறுநீரையும் மலத்தையும் ஆளும் இரண்டு முதல் நான்காம் திரிகக் கூறுகளுமோ நொறுங்கிய எலும்பின் பின்னாலேயே, தண்டுவட நுனியில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எலும்பின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றென்று நினைப்பதால் வரும் குழப்பமே இது.

பதில்: இயன்முறை மருத்துவர், சேலம்

ஆசனவாயைச் சுற்றி ஊசி முனையால் தொட்டு உணர்ச்சி பார்த்தார்களா என்று கேளுங்கள். அங்கே சிறிதளவேனும் தெரிந்தால் பாதிப்பு முழுமையானதன்று. சிறுநீர்ப்பையை நிரம்பித் ததும்ப விடக்கூடாது. குழாய் வைத்து நேரந்தவறாமல் வெளியேற்ற வேண்டும். உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப்புண் வலியில்லாமலே வந்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால்களைத் தினமும் பாருங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தோளில் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்காதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி அவரைப் படுத்த நிலையிலேயே அசையாமல் வைத்திருங்கள்.

சேர்வராயன் மலைவாசி

நன்றி ஐயா. இடப்பக்கம் லேசாகத் தெரிகிறது என்றாராம். மூளையில் அடிபடவில்லையே, அது கட்டளையிட்டால் பாதம் அசையாதா?

பதில்: உடற்கூறியல் ஆசிரியர்

கட்டளை புறப்படுகிறது. மூளையின் மேலடுக்கான புறணியின் நரம்புசெல்லிலிருந்து கிளம்பும் இழை, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் மாறி, இடையில் எங்கும் துண்டுபடாமல் தண்டுவட நுனிவரை இறங்குகிறது. அங்கிருந்து தசைக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் இரண்டாவது செல்தான் நசுங்கிய இடத்தில் இருக்கிறது. இறந்த செல் மீண்டும் பிறப்பதில்லை. ஆனால் வீக்கத்தால் மட்டும் செயலிழந்தவை தேறக்கூடும், நசுங்கிய வேர்களும் தண்டுவடத்தைவிட நன்றாக மீளக்கூடியவை. எதில் எவ்வளவு பாதிப்பு என்பதை முதல் சில வாரங்களில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மாதங்கள் பிடிக்கும், அதுவரை பயிற்சியை நிறுத்த வேண்டாம்.