போட் ஏற்றிய ட்ரெயிலர் 60ஐத் தொட்டால் ஆடுகிறது. மன்னார் வரை இழுக்கலாமா?

கல்லடித் தம்பி:
அண்ணன்மாரே, ஒரு உதவி வேண்டும். 18 அடி ஃபைபர் போட் ஒன்றை மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து மன்னார் பேசாலையில் இருக்கிற மச்சானிடம் கொண்டுபோக வேண்டும். இழுப்பது டீசல் டபுள் கெப், பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப். ட்ரெயிலர் ஒற்றை அச்சு, பிரேக் கிடையாது, இங்கே வெல்டிங் கடையில் செய்தது. நேற்றுச் செங்கலடி வரை ஓட்டிப் பார்த்தோம். ஐம்பது வரை ஒரு பிரச்சினையும் இல்லை. 60ஐத் தொட்டதும் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடி, கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. லொறி ஒன்று முந்திப் போனபோது இன்னும் மோசம். இறங்கிப் பார்த்தால் வலது சில்லின் ஹப்பில், அதாவது நடுக்குடத்தில், கை வைக்க முடியாத சூடு, இடது பக்கம் சாதாரணம். டயர் காற்றெல்லாம் சரி. 40 குதிரைவலு எஞ்சின் போட்டின் பின்பலகையில் பூட்டியபடியே இருக்கிறது. வலையும் எண்ணெய்க் கேன்களும் அதற்குப் பக்கத்தில். டயரை மாற்றவா, ஸ்பிரிங்கை மாற்றவா? வருகிற கிழமை புறப்பட வேண்டும்.

ஓட்டமாவடி காக்கா:
தம்பி, டயரிலும் ஸ்பிரிங்கிலும் காசைக் கொட்ட வேண்டாம். ஆட்டத்துக்குக் காரணம் அந்தப் பின்பலகை எஞ்சின்தான். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் ட்ரெயிலரின் முன்தண்டு மேலே எழும்பப் பார்க்கும். கெப்பில் கொழுவுகிற குண்டை அது நன்றாக அமுக்கிக்கொண்டிருந்தால்தான் ட்ரெயிலர் நேராக வரும். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் அந்தக் குண்டில் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோவாவது. அதற்காக எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளிவிடவும் கூடாது, கெப்பின் முன்சில்லுக்குப் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும்.

நெல் நிறுக்கிற தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, கெப்பில் கொழுவும்போது இருக்கிற அதே உயரத்தில் முன்தண்டைத் தராசின் மேல் முட்டுக் கொடுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் எஞ்சினைக் கழற்றிக் கெப்பின் பெட்டியில் ஏற்றுங்கள், வலையைப் போட்டின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். அதற்கும் போதாவிட்டால் போட்டின் மூக்கு முட்டுகிற தூணைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்த வேண்டும்.

எஞ்சினை உடனே படுக்க வைக்க வேண்டாம். முதலில் நிமிர்த்தி வைத்து உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்க வடிய விடுங்கள். படுக்க வைக்கும்போதும் தலைப்பக்கம் விசிறிப் பக்கத்தை விட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

ஏறாவூர் கராஜ்:
காக்கா சொன்னது ஆட்டத்துக்கு. ஹப் சூடு வேறு கதை. பிரேக் இல்லாத ட்ரெயிலர் என்றபடியால் பிரேக் உரசல் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஹப்புக்குள் சில்லைச் சுழல விடுகிற பெயாரிங்தான். போட்டை வாவியில் இறக்கும்போது ஹப் தண்ணீருக்குள் போகிறதா?

கல்லடித் தம்பி:
ஓம், அச்சு மூழ்கும் வரை போகும். ஓடிப்போய் உடனேயே இறக்குவதுதான் வழக்கம்.

ஏறாவூர் கராஜ்:
அதுதான் வினை. ஓடி வந்த ஹப்புக்குள் காற்றுச் சூடாக இருக்கும். உப்புத் தண்ணீரில் பட்டதும் சடாரென்று குளிர்ந்து சுருங்கும், தண்ணீரை உள்ளே விடாத சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். சில்லை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், கறகறவென்று சத்தம் வரும். மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும்.

கழுவிக் கிரீஸ் அடித்துப் பழைய பெயாரிங்கையே போடுகிற வேலை வேண்டாம். உள், வெளிப் பெயாரிங் இரண்டும், சீலும் புதிது போடுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோனால் அதில் வெட்டியிருக்கிற இலக்கத்தைப் பார்த்துத் தருவார்கள். நட்டை இறுக்கும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, மறுகா கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கிற கொட்டர் பின்னைக் குத்துங்கள். விறைப்பாக இறுக்கினால் புதுப் பெயாரிங்கும் சூடேறும். இடது பக்கத்தையும் ஒருக்காத் திறந்து பாருங்கள். அதுவும் அதே தண்ணீரில்தானே நின்றது.

காத்தான்குடி லொறி:
என்னைக் கேட்டால் ஒரு கன்டர் லொறி பிடித்துப் போட்டை அதில் ஏற்றிவிடுவதே மேல். பிரேக் இல்லாத ட்ரெயிலரோடு 250 கிலோமீற்றருக்கு மேல் போவது எனக்குப் பிடிக்காது.

ஓட்டமாவடி காக்கா:
கன்டர் வாடகையை யார் கொடுப்பது? பாரம் சரியாக இருந்தால் கெப் இழுக்கும். ஆனால் வேகம் 60க்குள். நிற்பதற்குத் தூரம் கூட எடுக்கும், முன்னால் போகிற வாகனத்தை நெருங்க வேண்டாம். வழியில் ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும். எதிர்ப்பக்கம் வெட்டப் போனால் ஆட்டம் கூடும்.

காத்தான்குடி லொறி:
சரி, போவதென்றால் விடியப் புறப்படுங்கள். வெலிக்கந்தைப் பக்கமும் மின்னேரியா, ஹபரணைப் பக்கமும் இருட்டினால் யானை றோட்டுக்கு வரும். ட்ரெயிலரோடு அவசரத்துக்குப் பின்னால் எடுக்கவும் முடியாது. மரதன்கடவலையில் ஏ9 றோட்டில் ஏறி, மதவாச்சியில் மன்னார் றோட்டுக்குத் திரும்பலாம். பொலன்னறுவையில் நிறுத்தி ஹப் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், சில்லு நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். காவல் சங்கிலி இரண்டையும் முன்தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கொழுவி கழன்றாலும் தண்டு றோட்டில் குத்தாது.

கல்லடித் தம்பி:
தராசு 15 கிலோவைக் கூடக் காட்டவில்லை! எஞ்சின் கெப்பில் ஏறி, வலை முன்னுக்குப் போனபிறகு 62. ட்ரெயிலரும் போட்டும் மொத்தம் 550 மட்டில்தான். வலது ஹப்பில் கராஜ் அண்ணன் சொன்ன அதே நிறம். இடதில் கிரீஸ் நல்லதாக இருந்தது, ஆனாலும் சீலை மாற்றிவிட்டேன். மறுபடி செங்கலடி போய் வந்தோம். 60இல் ஆட்டமே இல்லை, இரண்டு ஹப்பும் இளஞ்சூடுதான். இன்னொரு சின்ன வில்லங்கம்: இடது சிக்னலைப் போட்டால் ட்ரெயிலரில் எல்லா லைட்டும் மங்கலாக மின்னுகிறது.

ஏறாவூர் கராஜ்:
ஏர்த் வயர்தான், லைட்டின் மின்சாரம் திரும்பிப் போகிற வயர். சட்டத்தில் பூட்டியிருக்கிற இடத்தில் துரு பிடித்திருக்கும். கழற்றிச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.