ஆங்கிலம் பேசும்போது இலக்கணம் தடுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவது எனக்குச் சிரமமில்லை. தொலைபேசியில் பேசும்போதுதான் திணறல். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிட வேண்டும். வாக்கியத்தை மனதில் திருப்பிப் போடுவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்று, 'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' இரண்டையும் எங்கே பயன்படுத்துவது? 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் முதலாவதுதான், சரி. நேரம் சொல்லாத இடத்தில் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

விதியை மனப்பாடம் செய்வதைவிட, பேச்சில் தானாக வர நீங்கள் என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதே எனக்கு முக்கியம். சத்தமாக வாசித்தால் போதுமா, பேச்சுத்துணை கட்டாயம் வேண்டுமா? அப்புறம், ஒன்றை மரியாதையாக மறுக்க உதவும் வாக்கியங்கள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.